வீட்டுக்குள் ஒரு தேர்வுக்கூடம்

குவாத்தமாலாவில் பிறந்த லூயிஸ் வான் ஆனுக்கு அமெரிக்காவில் படிக்க ஆசை. அதற்கு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். உள்நாட்டில் இடம் நிரம்பிவிட்டது. தேர்வுக்காகவே பக்கத்து நாடான எல் சால்வடோருக்குப் போனார். பின்னாளில், எதிரில் இருப்பது மனிதரா எந்திரமா என்று கண்டறியும் கேப்ட்சாவை உருவாக்கியவர்களில் ஒருவரானார். அவர் இணைந்து நிறுவிய டுவோலிங்கோ, வீட்டிலிருந்தே எழுதும் ஆங்கிலத் தேர்வை 2014-இல் கொண்டுவந்தது.

இங்கே கேப்ட்சாவின் கேள்வி போதாது. உட்கார்ந்திருப்பது மனிதர்தான். ஆனால் விண்ணப்பித்தவர்தானா? விடை அவருடையதுதானா?

முதல் காவல் கேள்விகளிலேயே இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் என்றால், ஒருமுறை கசிந்தாலே தேர்வு பாழ். எனவே ஒரு பெரிய கேள்விக் களஞ்சியத்திலிருந்து ஆளுக்கொரு தேர்வைக் கணினி உருவாக்குகிறது. சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும்; தவறினால் எளிதாகும். கேள்வி வேறானால் மதிப்பெண்ணை எப்படி ஒப்பிடுவது? ஒவ்வொரு கேள்வியின் கடினமும் ஏற்கெனவே கணிக்கப்பட்டிருக்கும். எடைக்கற்கள் வேறு, தராசு ஒன்று.

இரண்டாவது காவல் கண்காணிப்பு. அடையாள அட்டையோடு முகம் ஒப்பிடப்படும். கேமரா, மைக், கணினித் திரை மூன்றும் பதிவாகும். டோஃபல் என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வின் வீட்டுப் பதிப்பு 2020-இல், கொரோனாவால் மையங்கள் மூடிய நேரத்தில் வந்தது. அதில் மேற்பார்வையாளர் ஒருவர் இணையம் வழியே நேரலையில் கவனிப்பார். டுவோலிங்கோவில், எழுதி முடித்த பிறகு பதிவை ஆராய்ந்தே மதிப்பெண் தருகிறார்கள்.

ஆள் நின்று காக்கும் தேர்வு மையம் மட்டும் பத்திரமா? லண்டனில் மாணவர் விசாவுக்கான டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வை வேறு ஆட்கள் எழுதிக்கொடுத்ததை 2014-இல் பிபிசி அம்பலப்படுத்தியது. உடனே தேர்வு நடத்தியவர்கள், பழைய தேர்வுகளின் குரல் பதிவுகளைச் சோதித்தார்கள். 2011 முதல் 2014 வரை பிரிட்டனில் நடந்த 58,459 தேர்வுகளில் 33,663 செல்லாது, 22,476 சந்தேகத்துக்குரியது என்றது முடிவு. ஆயிரக்கணக்கானோர் விசா இழந்தார்கள். தாங்களே தேர்வெழுதியதாக நீதிமன்றம் போய் வென்றவர்களும் ஏராளம்.

ஆள்மாறாட்டக்காரர் நுழைவது காவலின் ஒரு பழுது. நேர்மையாக எழுதியவர் வெளியே தள்ளப்படுவது மற்றொன்று. யோசிக்கும்போது கூரையைப் பார்ப்பது பலருக்கும் வழக்கம். கேமராவுக்கு அதுவும் சந்தேகமாகத் தெரியலாம். ஆகவே எந்திரம் சுட்டிக்காட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பதிவைப் போட்டுப் பார்த்துத் தீர்மானிக்க ஒரு மனிதர் வேண்டும்.