வாலில் ஒட்டிய ‘மோஸ்ட்’

ஒன்றை எல்லாவற்றிலும் மேலாகச் சொல்ல ஆங்கிலத்தில் இரண்டு வழி என்று பள்ளியில் படித்திருப்போம். சிறிய சொல்லுக்குப் பின்னால் ‘எஸ்ட்’ சேர்த்தால் டாலஸ்ட். நீண்ட சொல்லுக்கு முன்னால் ‘மோஸ்ட்’ சேர்த்தால் மோஸ்ட் பியூட்டிஃபுல். இந்த இரண்டிலும் சேராத ஒரு சிறு கூட்டம் உண்டு: ஃபோர்மோஸ்ட், இன்னர்மோஸ்ட், டாப்மோஸ்ட், சதர்ன்மோஸ்ட், அட்மோஸ்ட்.

முன்னால் வர வேண்டிய மோஸ்ட்தான் இடம் மாறிப் பின்னால் போய்விட்டது என்று தோன்றும். வரலாறு வேறு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘மா’ என்ற விகுதியே உச்சத்தைக் காட்டியது. ‘ஃபோர்மா’ என்றால் முதலாவது. காலப்போக்கில் அந்த ‘மா’வின் பொருள் பேசுகிறவர்களுக்கே மறந்துபோக, அதன்மேல் ‘எஸ்ட்’டையும் ஏற்றினார்கள். இரண்டும் கலந்து ‘மெஸ்ட்’ ஆயிற்று. அது காதுக்கு மோஸ்ட் போலவே கேட்டதால், பின்னாளில் எழுத்தும் அப்படியே மாறியது. ஆக ஃபோர்மோஸ்ட் என்ற ஒரே சொல்லுக்குள் உச்ச விகுதிகள் இரண்டு புதைந்து கிடக்கின்றன.

அந்த ‘மா’வின் உறவு நம் வாயிலும் புழங்குகிறது. வடமொழி வழியாக வந்த பரமன், மத்திமம், அதமம் ஆகியவற்றின் ‘ம’ அதே பழைய வேரிலிருந்து கிளைத்தது. பிரைம் மினிஸ்டரின் ‘பிரைம்’, லத்தீன் ‘ப்ரீமுஸ்’ வழி வந்தது. பிரதமர், பிரைம் இரண்டிலும் அந்த ‘ம’ ஒலிக்கிறது. எனக்கு இதைவிட அழகான சொல் உறவு அதிகம் தெரியாது.

‘மோஸ்ட்’ என்ற இந்த வால் எல்லாச் சொற்களோடும் ஒட்டாது. இடம், திசை, வரிசை குறிப்பவற்றோடுதான் பெரும்பாலும் சேரும். அதனால்தான் ‘டால்மோஸ்ட்’ என்று யாரும் சொல்வதில்லை. இந்தியாவின் சதர்ன்மோஸ்ட் முனை கிரேட் நிகோபார் தீவிலுள்ள இந்திரா முனை. பெருநிலப்பரப்பில் மட்டும் பார்த்தால் கன்னியாகுமரி.

அட்மோஸ்ட் மட்டும் இடத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. அதன் முதற்பகுதி ‘அவுட்’தான், வெளிக்கோடி என்பதே பழைய பொருள். ‘அட்மோஸ்ட் கேர்’ என்றால் கவனத்தின் கடைசி எல்லைவரை போவது.

எழுதும்போது, இந்த வால் ஒட்டிய சொற்களுக்கு முன்னால் இன்னொரு மோஸ்ட் போடக் கூடாது. ‘மோஸ்ட் அப்பர்மோஸ்ட்’ பிழை. ஆல்மோஸ்ட்டையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம். அது ‘ஆல்’ என்ற சொல்லும் உண்மையான ‘மோஸ்ட்’டும் சேர்ந்து உருவானது.