பொதிகை எங்க போச்சு? 2024-ல் தமிழ் டிவியில் என்னெல்லாம் மாறியது?

தருமபுரம்னு சொன்னாலே பலருக்கும் மயிலாடுதுறை ஆதீனம்தான் ஞாபகம் வரும். இது வேற தருமபுரம். காரைக்கால்ல, யாழ்முரிநாதர் கோயில் இருக்கிற ஊர். அங்கே இருக்கிற என் அம்மாச்சி 2024 முழுக்க போன்ல கேட்டது கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேள்விகள்தான். “தம்பி, பொதிகைய காணோமே?” “கமல் ஏன் வரல?” “முடிஞ்சு போன எதிர்நீச்சல் எப்படி திரும்ப வருது?”

பதில் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது, அந்த ஒரே வருஷத்தில் வீட்டு டிவி எவ்வளவு மாறியிருக்கு என்று.

பொதிகைக்கு என்னாச்சு?

எங்கேயும் போகல, பேர்தான் மாறியிருக்கு. 2024 ஜனவரி 19 அன்று சென்னையில் பிரதமர் மோடி புதுப்பொலிவுடன் தொடங்கி வைத்த ‘டிடி தமிழ்’தான் பழைய பொதிகை. ஏப்ரலில் டிடி நியூஸ் லோகோவும் காவி நிறத்துக்கு மாறியது. தேர்தல் நேரம் என்பதால் அதற்கு எதிர்க்கட்சிகள் கடும் எதிர்ப்பு தெரிவித்தன.

நவம்பர் 20 அன்று கோவா திரைப்பட விழாவில் ‘வேவ்ஸ்’ என்ற ஓடிடி தளத்தையும் பிரசார் பாரதி தொடங்கியது. ஆக, தூர்தர்ஷனும் போனுக்குள்ள வந்தாச்சு.

சீரியல், ஷோ பக்கம்?

சன் டிவியின் ‘எதிர்நீச்சல்’ ஜூன் 8-ம் தேதி முடிந்தது. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் மறைந்த பிறகு, அந்த வேடத்தில் வேல ராமமூர்த்தி நடித்தார். டிசம்பர் 23 முதல் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று இரண்டாம் பாகம் வந்தது.

2017-ல் இருந்து 7 சீசன்களைத் தொகுத்து வழங்கிய கமல்ஹாசன், ஆகஸ்ட் 6 அன்று பிக் பாஸிலிருந்து சின்ன பிரேக் எடுப்பதாக அறிவித்தார். அக்டோபர் 6-ம் தேதி 8-வது சீசனை விஜய் சேதுபதி தொடங்கி வைத்தார். ‘குக்கு வித் கோமாளி’யில் நடுவராக இருந்த செஃப் வெங்கடேஷ் பட், சன் டிவியின் ‘டாப் குக்கு டூப் குக்கு’வுக்குப் போய்விட்டார்.

யார் யாரோட சேர்ந்தாங்க?

வருஷத்தின் தொடக்கத்தில் ஒரு கல்யாணம் நின்னு போச்சு. ஜீ நிறுவனத்துடனான இணைப்பு ஒப்பந்தத்தை ஜனவரி 22 அன்று சோனி ரத்து செய்தது.

இன்னொன்று நடந்து முடிந்தது. ரிலையன்ஸின் வயாகாம்18, டிஸ்னியின் ஸ்டார் இந்தியா இணைப்பு நவம்பர் 14 அன்று நிறைவுற்றது. மதிப்பு சுமார் 70,352 கோடி ரூபாய். விஜய் டிவியும் கலர்ஸ் தமிழும் இப்போ ஒரே வீடு. 2025 பிப்ரவரி 14-ல் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி ‘ஜியோஹாட்ஸ்டார்’ ஆனது.

நம்ம பில்லுக்கு என்ன?

கேபிள், டிடிஎச் பில்லில் ‘நெட்வொர்க் கட்டணம்’ என்று ஒன்று இருக்கும். 200 சேனல் வரை 130 ரூபாய், அதற்கு மேல் 160 ரூபாய் (வரி தனி) என உச்சவரம்பு இருந்தது. 2024 ஜூலையில் டிராய் அந்த வரம்பை நீக்கியது. கட்டணத்தை ஆபரேட்டரே முடிவு செய்யலாம், ஆனால் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அதோடு, ஆபரேட்டர் தர்ற சேனல் தொகுப்புகளுக்கான தள்ளுபடி வரம்பும் 15-லிருந்து 45 சதவீதமாக உயர்ந்தது. அதனால பில்லை ஒருமுறை வரி வரியா பாருங்க. பார்க்காத சேனலுக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை.

இதெல்லாம் ஏன் முக்கியம்?

நவம்பர் கடைசி வாரம் நினைவிருக்கா? காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று சொல்லப்பட்ட ஃபெஞ்சல் புயல், 30-ம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. அந்த வாரம் முழுக்க அம்மாச்சி தேடியது சீரியலை இல்லை, “புயல் எங்க நிக்குது?” என்ற ஒரு வரியைத்தான்.

ஒரு காலத்தில் மொட்டைமாடி ஆன்டெனாவில் தூர்தர்ஷன் இலவசமா வந்தது. அந்த அனலாக் கோபுரங்களில் பெரும்பாலானவை 2022-க்குள் மூடப்பட்டுவிட்டன. இப்போ கேபிள் வேணும், இல்லன்னா டிஷ் வேணும், இல்லன்னா டேட்டா வேணும். காத்தடிச்சா முதல்ல போறதும் இவைதான்.

பிரிட்டனிலும் இதே கவலைதான். அங்கே டிவி பார்க்க வீட்டுக்கு ஆண்டுக்கு 169.50 பவுண்டு லைசென்ஸ் கட்டணம் (2024 ஏப்ரல் நிலவரம்). அந்தப் பணத்தில்தான் பிபிசி பெருமளவு இயங்குகிறது. ஸ்மார்ட் டிவியைத் திறந்ததும் பிபிசி போன்ற பொதுச் சேனல்கள் எளிதில் கண்ணில் பட வேண்டும் என்று 2024 மே மாதம் அங்கே சட்டமே போட்டாங்க. நம்ம ஊர் ஸ்மார்ட் டிவியில் டிடி தமிழை எத்தனை பட்டன் அழுத்தினா பிடிக்கலாம்? ஒருமுறை முயற்சி பண்ணிப் பாருங்க.

நீங்க செய்யக்கூடியது

ஊருக்குப் போகும்போது மூன்று வேலை: வீட்டு டிவியில் டிடி தமிழையும் ஒரு செய்திச் சேனலையும் ‘ஃபேவரைட்’ல போட்டுக் கொடுங்க. மாதக் கட்டணம் பாரமா இருந்தா, மாதச் சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் பற்றி யோசிங்க. முக்கியமா, பேட்டரி போட்ட ரேடியோ ஒன்று வாங்கி வைங்க. கரண்ட் போனாலும் காரைக்கால் பண்பலை கேட்கலாம்.

அம்மாச்சிக்கு ரேடியோ வாங்கிக் கொடுத்தாச்சு. ஆனா கேள்வி நிக்கல. “விஜய் சேதுபதி நல்லாத்தான் பேசுறாரு தம்பி, கமல் எப்ப வருவாரு?”