பாலை அடக்கும் பசு

திருக்கோவிலூரில், தென்பெண்ணைக் கரையோரத் தொழுவங்களில் விடியற்காலை பால் கறப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: கன்றை அவிழ்த்து நாலு வாய் ஊட்டவிட்டால்தான் பால் இறங்கும். வாசலில் முன்பின் தெரியாத ஆள் வந்து நின்றால் பசு பாலை அடக்கிக்கொள்ளும். மடி கனத்துக் கிடக்கும். காம்பில் சொட்டு வராது. கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோல் திணித்து முன்னால் நிறுத்துவது பழைய வழக்கம். பசு அதை நக்கிக்கொடுக்கும்; பாலும் சுரக்கும்.

பசுவின் கவனம் கன்றின் மேல் போனால், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. சுமார் ஒரு நிமிடத்தில் அது மடியை எட்டிப் பாலை வெளியே தள்ளும். கவனம் அந்நியன் மேல் போனால், மிரட்சியில் ஊறும் அட்ரினலின் குறுக்கே நிற்கும்.

பிரசவ வார்டில் வலி எடுக்க ஏற்றும் டிரிப்ஸில் இருப்பதும் இதே ஆக்ஸிடோசின்தான். கருப்பையைச் சுருக்கும் அதன் ஆற்றலை 1906இல் ஹென்றி டேல் கண்டார். ஒன்பதே அமினோ அமிலங்களால் ஆன அதை வின்சென்ட் டு விக்னோ 1953இல் ஆய்வகத்தில் உருவாக்கி, 1955இல் நோபல் பரிசு பெற்றார்.

கவனம் ஹார்மோனை வரவழைக்கிறது. ஹார்மோன் கவனத்தைத் திருப்புமா?

கல்யாண மண்டபத்தில் நூறு பேர் சிரித்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் முகம் சுளித்தால், பதற்றம் மிகுந்தவரின் கண் அங்கேதான் போய் ஒட்டும். அவர் தேடிப் போவதில்லை. புத்தி எட்டுமுன் கண் எட்டிவிடுகிறது. இதை 1986இல் உளவியலாளர்கள் மேக்லியோட், மேத்யூஸ், டாட்டா மூவரும் அளந்து காட்டினார்கள். திரையில் மேலும் கீழுமாக இரண்டு சொற்கள்: ஒன்று அச்சமூட்டுவது, மற்றது சாதாரணமானது. அரை நொடியில் இரண்டும் மறைய, ஒன்று இருந்த இடத்தில் ஒரு புள்ளி. கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். அச்சச் சொல் இருந்த இடத்தில் புள்ளி தோன்றியபோது பதற்றக்காரர்களின் விரல் முந்தியது.

2002இல் மேக்லியோட் குழு இந்தச் சோதனையையே பயிற்சியாக்கியது. புள்ளியைச் சாதாரணச் சொல்லின் பக்கமே நூற்றுக்கணக்கான முறை வைத்தார்கள். கண் மெல்ல அந்தப் பக்கம் பழகியது. பிறகு வந்த நெருக்கடியில் மனமும் குறைவாகவே கலங்கியது. ஆனால் பின்வந்த ஆய்வுகளில் பலன் ஒருவருக்குக் கிடைத்ததுபோல் மற்றவருக்குக் கிடைக்கவில்லை.

இங்கேதான் ஆக்ஸிடோசின் நுழைகிறது. 2005இல் ஜெர்மனியில் ஆண்களின் மூக்கில் அதைத் தெளித்துவிட்டு அச்சமூட்டும் படங்களைக் காட்டியபோது, மூளையில் அபாயமணி அடிக்கும் அமிக்டலா அடங்கியே இருந்தது. மணி அடங்கியிருக்கும் நேரத்தில் பயிற்சி கொடுத்தால் கண் எளிதில் படியலாம் என்பது ஊகம். ஆனால் 2009இல் ஆஸ்திரேலியாவில், கூட்டத்துக்கு அஞ்சுபவர்களுக்கு உளவியல் சிகிச்சையோடு ஆக்ஸிடோசினையும் கொடுத்தபோது, தங்கள் மேடைப்பேச்சைப் பற்றிய அவர்களின் எண்ணம் மேம்பட்டது. சிகிச்சையின் மொத்தப் பலன் கூடவில்லை. எதிரே இருப்பவர்களைக் கூர்ந்து கவனிக்க வைப்பதே ஆக்ஸிடோசினின் வேலை என்று இப்போது ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். நம்பும் இடத்தில் அது நெருக்கத்தைக் கூட்டலாம். சந்தேகம் உள்ள இடத்தில் சந்தேகத்தையே தீட்டிவிடலாம்.

மீண்டும் தொழுவத்துக்கு வருவோம். எருமைக்கு ஆக்ஸிடோசின் ஊசி போட்டுக் கறப்பதைத் தடுக்கவென்று, 2018இல் மத்திய அரசு தனியார் நிறுவனங்கள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு அதைத் தயாரிக்கத் தடை விதித்தது. பிரசவத்துக்கு இன்றியமையாத மருந்து ஆயிற்றே! அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது.

ஊசி பாலை இறக்கும். வாசலில் நிற்கும் அந்நியனைப் பசுவுக்குப் பழக்கிக் கொடுக்காது. அதற்கு அவன் தினமும் வந்து தவிடு வைக்க வேண்டும்.