கட்டி வலிக்கவில்லை, பஸ்ஸும் ஓடவில்லை

மார்பில் வரும் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் வலித்தால் வேலையைப் போட்டுவிட்டு டாக்டரிடம் ஓடுகிறோம். குளிக்கும்போது நெல்லிக்காய் அளவுக்கு ஏதோ கையில் தட்டுப்பட்டால், ‘பால்கட்டியாக இருக்கும்’, ‘சூட்டுக்கட்டி, தானாக அமுங்கிவிடும்’ என்று விட்டுவிடுகிறோம். கூலி வேலைக்குப் போகும் பெண் வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் சம்பளத்தை இழக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

குயிலாப்பாளையத்தைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு காலனியில் அப்படி ஓர் அம்மா இருந்ததாக வைத்துக்கொள்வோம். வயது 45. ஆரோவில் பக்கம் வீட்டு வேலை, அது இல்லாத நாளில் நூறு நாள் வேலை. 2020 மார்ச் கடைசி வாரத்தில் அவர் கையில் கட்டி தட்டுப்படுகிறது. இனி அவர் எங்கே போயிருக்க முடியும்?

மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை. மறுநாள் முதல் நாடு முழுக்க ஊரடங்கு. பஸ் நின்றது. ஆரோவிலில் விருந்தினர் வரத்து நின்றதும் அதை நம்பியிருந்த வேலைகளும் நின்றன. ஊருக்குள் வரும் நர்சம்மாவிடம் சொல்லலாம் என்றால், அவர் கையில் காய்ச்சல் கணக்கெடுப்பு நோட்டு. யாருக்கு இருமல், யார் வெளியூரிலிருந்து வந்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவதே முழுநேர வேலையாகிவிட்டது. மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்கள் மூலம் விழுப்புரம் மாவட்டத்தில் தொற்று எகிறியபோது சுகாதாரத் துறைக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பையும் கர்ப்பப்பை வாயையும் பரிசோதிக்க வேண்டிய தொற்றா நோய்ப் பிரிவும் கொரோனா பணிக்குத் திரும்பியது.

அடுத்தது கோரிமேடு ஜிப்மர். குயிலாப்பாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் நடுவே ஒரு மாநில எல்லை இருக்கிறது. சாதாரண நாளில் யார் கண்ணிலும் படாத கோடு அது. பட்டானூர் தமிழ்நாடு, கொஞ்சம் தள்ளினால் புதுச்சேரி. ஊரடங்கில் அந்தக் கோட்டில் தடுப்பு விழுந்தது. மருத்துவமனையும் வழக்கமான புறநோயாளிப் பிரிவை நிறுத்தி, அவசர சிகிச்சையைத் தொடர்ந்தது. வலிக்காத கட்டி அவசரமா? எல்லையில் நிற்கும் போலீஸ்காரரிடம் ஒரு பெண் அதை எப்படிச் சொல்வார்?

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இ-பாஸ் தேவையில்லை. ஆனால் பஸ் இல்லாமல் அவ்வளவு தூரம் கார் வைத்துப் போக வேண்டும். அந்த ஆண்டு நூறு நாள் வேலையின் கூலி 256 ரூபாய். கார் வாடகைக்கு எத்தனை நாள் மண் வெட்ட வேண்டும் என்று வாசகர்களே கணக்குப் போடலாம். ஜூனில் ஒரு மாதம் மண்டலத்துக்குள் ஓடிய பஸ்கள் மறுபடியும் நின்றன. மாவட்டத்துக்குள் பஸ் ஓடத் தொடங்கியது செப்டம்பர் 1 அன்று.

மார்ச் கடைசியிலிருந்து எண்ணினால் 22 வாரம்.

2020 நவம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறக்கும் ஆபத்து சுமார் 8 சதவீதம் கூடுகிறது என்றது அது. அந்த ஆய்வு எண்ணியது நோய் உறுதியான பிறகு தள்ளிப்போன வாரங்களை. நம் அம்மாவுக்கு நோயே இன்னும் உறுதியாகவில்லை. அவருடைய 22 வாரங்கள் அந்தக் கணக்கில் சேராது.

நாட்டு நிலவரமும் இதுதான். தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பைச் சேர்ந்த 41 சிகிச்சை மையங்களின் 2020 மார்ச் முதல் மே வரையான பதிவேடுகளை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டார்கள். புதிதாகப் பதிந்த புற்றுநோயாளிகள் 54 சதவீதம் குறைந்திருந்தார்கள். புற்றுநோய் பாதியாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. பாதிப்பேர் வீட்டிலேயே இருந்தார்கள். பத்தில் ஏழு மையங்களுக்கு மேல், அறிகுறி இல்லாதவர்களுக்கான முன்பரிசோதனை அடியோடு நின்றது, அல்லது வழக்கத்தில் கால்வாசிக்கும் கீழே போனது.

எல்லாப் பழியையும் கொரோனா மேல் போட்டுவிடுவது சுலபம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று தமிழ்நாட்டில் ஊரடங்குக்கு முன்பாகப் பாதியும், பின்பு மீதியுமாக நடந்தது. வாழ்நாளில் ஒரு முறையாவது மார்புப் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்ன பெண்கள் 5.6 சதவீதம். இந்திய அளவில் 0.9 தான் என்பதால் நாம் முன்னேறிய மாநிலமாம். நூறில் 94 பேருக்கு எட்டாத ஒன்றைத்தான் பெருந்தொற்று நிறுத்தியது!

அந்த 94-ல் காலனித் தெருக்களின் பங்கு என்ன? பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி நூறில் 29 பேர் பட்டியல் சாதியினர். மாநிலச் சராசரி 20. தலித் பெண்களின் இறப்பு வயது மேல்சாதிப் பெண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டு குறைவு என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018 அறிக்கையில் சொன்னது. புற்றுநோய் மட்டுமே காரணமல்ல. ஆனால் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிற ஒவ்வொரு நோயும் அந்த 14.6-க்குள் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மார்புப் பரிசோதனை என்பது தொட்டுப் பார்ப்பது. முதல் கட்டத்துக்கு மெஷின் வேண்டாம், விரல் போதும். ‘சமூக இடைவெளி’ என்ற சொல்லை 2020-ல் ஒலிபெருக்கியில் கேட்டபோது, தள்ளி நிற்பது என்பது எங்களுக்குப் புதிதா என்று காலனிக்காரர்கள் கசப்பாகச் சிரித்தார்கள். குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளைப் பற்றி சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்வில், கை படாமல் மருந்தைத் தருகிற சுகாதாரப் பணியாளர்களைக் குறித்திருக்கிறார். கொரோனாவில் எல்லோருக்கும் தொடுகை நின்றது. கொரோனா போன பிறகு எல்லோருக்கும் சமமாகத் திரும்பி வந்ததா என்பதே கேள்வி.

விரல் போதும் என்பதற்குச் சான்று உண்டு. மும்பையின் குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களை இருபது ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு, கொரோனா நடுவில், 2021 பிப்ரவரியில் வெளியானது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள், டாக்டர்கள் அல்ல, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். நோய் முன்கட்டத்திலேயே பிடிபட்டது. 50 வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழ் வயதில் இறப்பில் அந்த அளவு வேறுபாடு தெரியவில்லை. இருந்தாலும் செவிலியர் படிப்பு படிக்கும் நம் பிள்ளைகள் மனதில் வைக்க வேண்டிய ஆய்வு இது.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வாசலுக்குக் கொண்டு வந்தது. நல்ல திட்டம். ஆனால் மாத்திரையை வாசலில் நின்று கொடுக்கலாம், மார்புப் பரிசோதனைக்குக் கதவு சாத்திய ஓர் அறை வேண்டும். வாய், மார்பு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஆட்களை அழைத்துப் பரிசோதிக்கும் திட்டம் 2023 நவம்பரில் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரியில் தொடங்கியது. முதல் நான்கில் விழுப்புரம் இல்லை.

கட்டி மட்டும்தான் அறிகுறி என்றில்லை. தோல் குழிந்து ஆரஞ்சுத் தோல் போலாவது, காம்பு உள்ளிழுத்துக்கொள்வது, காம்பில் ரத்தம் கசிவது, அக்குளில் நெறி கட்டுவது, எதுவானாலும் காட்டுங்கள். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள்தான். ஊசி குத்திச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்று நம் தெருக்களில் இன்னும் சொல்கிறார்கள். அது பொய். ஊசிப் பரிசோதனை செய்யாமல் எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கொரோனாவைக் காரணம் காட்டி 2020 அக்டோபர் 2 கிராம சபையையும் ரத்து செய்தார்கள். இப்போது நடக்கிறது. அடுத்த கூட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி எழுந்து கேட்கட்டும்: நம் காலனியில் 30 வயதைத் தாண்டிய பெண்கள் எத்தனை பேர், அவர்களில் மார்புப் பரிசோதனை முடிந்தவர்கள் எத்தனை பேர்? முதல் எண்ணை உடனே சொல்லிவிடுவார்கள். இரண்டாவது எண் பதிவேட்டில் இருக்கிறதா என்று எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.