பம்பரமும் பியானோவும்



பிள்ளைகள் ஊஞ்சலாடுவதையும், பம்பரம் விடுவதையும், பச்சைக்குதிரை தாண்டுவதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஒரு சொல்லும் இல்லாமல் இவற்றை இசையில் காட்ட முடியுமா? முடியும் என்று காட்டியவர்களுள் ஒருவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜார்ஜ் பிசே. ‘கார்மென்’ என்னும் இசை நாடகத்தால் உலகப் புகழ் பெற்றவர். அவர் 1871ஆம் ஆண்டில் இயற்றிய ‘குழந்தைகளின் விளையாட்டுகள்’ என்னும் தொகுப்பைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

இதில் 12 சிறு உருப்படிகள் உள்ளன. ஒரே பியானோவின் முன் இருவர் அருகருகே அமர்ந்து, நான்கு கைகளால் வாசிக்க வேண்டும். இசைத்தட்டும் வானொலியும் இல்லாத அக்காலத்தில், மேனாட்டு வீட்டுக்கூடங்களில் இசை ஒலித்தது இப்படித்தான். இருவர் சேர்ந்தால்தான் இசை பிறக்கும் என்பதால், வாசிப்பதே ஒரு விளையாட்டாகிவிடுகிறது.

பிசே கையாண்ட முறை என்ன? விளையாட்டில் எழும் சத்தத்தை அவர் அப்படியே படியெடுக்கவில்லை. அதன் அசைவைப் பிடித்தார். ஊஞ்சல் என்ன செய்கிறது? மேலே போகிறது, கீழே வருகிறது. ஆகவே சுரங்களும் அடியிலிருந்து படிப்படியாக மேலேறிப் பின் இறங்குகின்றன. பம்பரத்திற்கோ, விடாமல் சுழலும் வேகமான சுரங்கள் ரீங்காரமிடுகின்றன; அவற்றின்மேல் ஒரு துள்ளல் மெட்டு நடக்கிறது. போகப்போகச் சுழற்சி தளர்கிறது, தள்ளாடுகிறது. உடனே சாட்டையைச் சுண்டிவிட்டாற்போல் மறுபடியும் வேகம் பிறக்கிறது. பொம்மைக்கு மென்மையான தாலாட்டு. ஊதுகுழலுக்கும் முரசுக்கும் அணிநடை இசை.

கண்கட்டி விளையாட்டுக்கு அவர் இட்ட துணைப்பெயர் சுவையானது: ‘இரவிசை’. கண்ணைக் கட்டிவிட்டால் பட்டப்பகலும் இருட்டுத்தானே! அப்பா அம்மா விளையாட்டும் இதில் உண்டு. அங்கே மேல்குரலும் கீழ்க்குரலும் கணவன் மனைவிபோல் மெல்லப் பேசிக்கொள்கின்றன.

இந்த இசை பிறந்த காலத்தையும் நாம் மறக்கலாகாது. 1870இல் மூண்ட போரில் பாரிஸ் நகரம் முற்றுகையிடப்பட்டது. மக்கள் பட்டினியால் குதிரை இறைச்சியையும் உண்ண நேர்ந்தது. பிசேயும் நகரக் காவற்படையில் சேர்ந்திருந்தார். அடுத்த ஆண்டு உள்நாட்டுக் கலகத்தில் தெருக்களில் இரத்தம் ஓடியது. அந்த 1871ஆம் ஆண்டிலேதான் அவர் பொம்மையையும் மரக்குதிரையையும் சோப்புக் குமிழியையும் இசையாக்கினார். போரைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும், பிள்ளைகள் அச்சமின்றி விளையாடும் தெருவைவிட அமைதிக்கு வேறு சான்று என்ன வேண்டும்?

அவருடைய மகன் பிறந்தது 1872இல். இத்தொகுப்பின் ஐந்து உருப்படிகளைப் பிசே பல்லியக் குழுவுக்காகவும் மாற்றி அமைத்தார். அவை 1873இல் அரங்கேறின. 1875இல், தம் 36ஆம் வயதிலேயே அவர் காலமானார்.

நேயர்களே, வாய்ப்புக் கிட்டும்போது இந்த இசையைக் கேளுங்கள். பெயரைச் சொல்லாமல் உங்கள் பிள்ளைகளையும் கேட்கச் செய்து, ‘இது என்ன விளையாட்டு?’ என்று வினவிப் பாருங்கள். இசை பயிலும் இளைஞர்கள் தமக்குத் தெரிந்த ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு, அதன் அசைவு ஏறுமுகமா, சுழற்சியா, தாவலா என்று முதலில் கவனிக்கட்டும். மெட்டு அதிலிருந்து தோன்றும்.