தலைவரும் அவர்தம் பொழுதும்

பெரும் பொறுப்பிலிருக்கும் ஒருவர், "எனக்குப் பொழுதே போதவில்லை" என்று சொல்லக் கேட்டால், அவருக்கு வேலை மிகுதி போலும் என்று நாம் இரங்குகிறோம். பலகால் உண்மை வேறு. பிறர் முடிவு செய்யத்தக்கவற்றையும் அவரே முடிவு செய்துகொண்டிருப்பார். இதனை விளக்குதற்கு நம் நாட்டின் முதற் பொதுத் தேர்தலினும் சிறந்த சான்று எனக்குத் தோன்றவில்லை.

1950ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சுகுமார் சென் முதல் தலைமைத் தேர்தல் ஆணையராகப் பொறுப்பேற்றார். வாக்காளர் 17 கோடிக்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். 1951 அக்டோபர் 25 முதல் 1952 பிப்ரவரி 21 வரை வாக்குப்பதிவு நடந்தது. சாவடிகளோ ஏறத்தாழ இரண்டு லட்சம். மாணவ நேயர்களே, சிறு கணக்கொன்று போட்டுப் பாருங்கள். சாவடிக்கு ஓர் ஐயம் வீதம் புது டில்லிக்குச் சென்று, ஒவ்வொன்றிற்கும் அவர் ஒரு நிமிடமே செலவிட்டாலும் 2,00,000 நிமிடங்கள் ஆகும். உணவும் உறக்கமும் இன்றி அமர்ந்திருந்தாலும் 138 நாட்கள் போதா. தேர்தல் நடந்த காலமோ 120 நாட்களே!

ஆகவே முடிவு செய்யும் உரிமை சாவடிக்கே சென்றது. ஒருவர் வாக்களிக்க வருகிறார். "இவர் அவரல்லர்" என்று ஒரு முகவர் மறுக்கிறார். அங்கேயே விசாரித்து அங்கேயே தீர்ப்பவர் அச்சாவடியின் தலைமை அலுவலர். முந்திய நாள் வரை அவர் ஏதோ ஒரு பள்ளியிற் கணக்குப் பாடம் நடத்தியவராக இருக்கலாம். (ஆசிரியர் பலருக்கு இப்பணி இன்றும் வாய்க்கிறது, அதற்கு முந்திய இரவில் உறக்கம் வாராது என்பதை அவர்களைக் கேட்டால் தெரியும்.) கலகமோ வெள்ளமோ நேர்ந்தால் வாக்குப்பதிவை ஒத்திவைக்கவும் சட்டம் அவருக்கு இடந்தருகிறது. ஆனால் மறுவாக்குப்பதிவுக்கு ஆணையிட அவரால் இயலாது. அது ஆணையத்திற்கே உரியது. உரிமையும் தெளிவு, அதன் எல்லையும் தெளிவு.

கல்லூரி மன்றத் தலைவர் ஒருவர் தம் தோழரிடம், "விழாவுக்கு நாற்காலி ஏற்பாடு செய்; ஆனால் எந்தக் கடை, என்ன வாடகை என்பதை என்னைக் கேட்டே முடிவு செய்" என்கிறார். இங்கே இருவர் பொழுதும் வீணாகிறது. கொடுக்கப்பட்டது நடைதான், பொறுப்பன்று.

எல்லாவற்றையும் கொடுத்துவிடலாமோ? கூடாது. அத்தேர்தலின் வாக்காளர் பட்டியலில் பெண்கள் பலர் தம் பெயரைக் கூற மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவாகியிருந்தனர். ஆணையம் அதனை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் தராத ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அத்தனை பேரும் அத்தேர்தலில் வாக்கிழந்தனர். அது சரியா என்று இன்றும் வாதிடலாம். எனக்கே மனம் முழுதும் ஒப்பவில்லை. எனினும் அம்முடிவைச் சிற்றூர் எழுத்தர்களிடம் விட்டிருந்தால் ஊருக்கொரு நீதியாகியிருக்கும். இத்தகையவற்றை எண்ணிப் பார்க்கத்தான் தலைவருக்கு ஓய்ந்த பொழுது வேண்டும்.

கொடுத்த பொறுப்புக்குக் கணக்கும் உண்டு. சாவடித் தலைமை அலுவலர் அன்றைய நிகழ்ச்சிகளை நாட்குறிப்பில் எழுதுகிறார். பதிவான வாக்குகளின் கணக்கைக் கையெழுத்திட்டு, அதன் படியை முகவர்களுக்கும் தருகிறார். டில்லியிலிருக்கும் ஆணையர் ஒவ்வொரு சாவடியின் வாயிலிலும் நின்று பார்க்க வேண்டுவதில்லை. எதிரெதிர்க் கட்சியினரான அம்முகவர்களே விழித்திருந்து பார்த்துக்கொள்கிறார்கள்.