மாடி பஸ்ஸின் இரண்டாம் வாழ்க்கை

சென்னையில் ஒரு தலைமுறைக்கு 18ஏ என்றாலே மாடி பஸ்தான். பாரிமுனைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடிய அந்த டபுள் டெக்கர், 2000களின் இறுதியோடு கண்ணில் படாமல் போயிற்று. மும்பையில் மாடி பஸ்கள் 1937இல் ஓடத் தொடங்கின; அங்கே டீசல் மாடி பஸ்களில் கடைசி வண்டி 2023 செப்டம்பர் 15 அன்று ஓய்வு பெற்றது. அதற்கு விதிக்கப்பட்ட ஆயுள் 15 ஆண்டுதான். லண்டனின் புகழ்பெற்ற சிவப்பு ‘ரூட்மாஸ்டர்’ பஸ்களோ 1968க்குப் பிறகு தயாரிக்கப்படவே இல்லை. ஆனாலும் 2005 டிசம்பர் வரை அன்றாடச் சேவையில் ஓடின. ஆகக் கடைசியாகச் செய்த வண்டிக்குக்கூட அப்போது வயது 37. இது எப்படிச் சாத்தியமாயிற்று?

அதற்கு விடை தேடுமுன், இவ்வளவு உயரமான வண்டி வளைவில் கவிழாமல் இருப்பது எப்படி என்று பார்ப்போம். ரூட்மாஸ்டரின் உயரம் சுமார் 4.4 மீட்டர், அகலம் 2.4 மீட்டர். எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சுகள் என்று கனமானவை எல்லாம் தரையை ஒட்டி இருக்கின்றன. மேல்தளம் மெல்லிய உலோகக் கூடு. அதனால் வண்டியின் ஈர்ப்பு மையம் தாழ்ந்தே நிற்கிறது. பிரிட்டனில் இதற்கென ஒரு சோதனை உண்டு: மாடி நிறையப் பயணிகள் இருப்பதுபோல் எடை ஏற்றி, கீழ்த்தளத்தைக் காலியாக விட்டு, வண்டியை 28 பாகை சாய்ப்பார்கள். அப்போதும் கவிழக்கூடாது. மாடியில் நின்றுகொண்டு பயணம் செய்ய அங்கே அனுமதி இல்லாததற்கும் ஈர்ப்பு மையம் ஒரு காரணம்.

கூட்டை இலேசாக்கும் வித்தை விமானத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் லண்டன் போக்குவரத்து நிறுவனம் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களைத் தயாரித்தது. அலுமினியத் தகடுகளைக் கையாண்ட அந்த அனுபவம் பஸ்ஸுக்குக் கைகொடுத்தது. இதற்கு முந்தைய ‘ஆர்.டி.’ ரக பஸ்ஸில் 56 இருக்கைகள், ரூட்மாஸ்டரில் 64. ஆனாலும் வண்டியின் எடை கூடவில்லை, குறைந்தது.

நீண்ட ஆயுளின் ரகசியம் கழற்றி மாட்டும் வசதி. ரூட்மாஸ்டருக்கு லாரிக்கு இருப்பதுபோல் நீளமான சட்டகம் கிடையாது. கூடே எலும்புக்கூடு, அதன் முன்னும் பின்னும் இரண்டு சிறு சட்டகங்கள் பொருத்தப்பட்டிருக்கும். ஆல்டன்ஹாம் என்ற ஊரின் பணிமனையில், முன்பு அந்த விமானங்கள் உருவான அதே இடத்தில், 1980கள் வரை வண்டியை முழுதாகப் பிரித்துப் பழுது பார்ப்பார்கள். கூடு ஒரு வரிசையில் போகும், எஞ்சினும் அச்சும் வேறு வரிசையில் போகும். திரும்பிச் சேரும்போது, தயாராக இருக்கும் எந்தக் கூட்டுக்கும் எந்த எஞ்சினும் பொருந்தும். எண் பலகை அப்படியே இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் வண்டி பழையதாக இருக்க வேண்டியதில்லை.

உதிரிபாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தினால் பழைய வண்டிக்கும் வாங்க ஆள் இருப்பார்கள். 1958இல் பஸ் சேவைகள் தேசியமயமாகி உருவான இலங்கைப் போக்குவரத்துச் சபை, லண்டனில் ஓடித் தேய்ந்த ஆர்.டி. குடும்பத்து மாடி பஸ்களை நூற்றுக்கணக்கில் வாங்கி ஓட்டியது. இங்கிலாந்தின் குளிருக்காகச் செய்த வண்டிகள் கொழும்பின் வெயிலில் இன்னொரு பணிக்காலம் கண்டன. இந்தியாவிலோ அசோக் லேலண்ட் ‘டைட்டன்’ என்ற பெயரில் எண்ணூரிலேயே மாடி பஸ்ஸுக்கான சேஸிஸ் செய்தது.

அன்றாட ஓட்டம் நின்ற பிறகும் மாடி பஸ்ஸுக்கு வேலை உண்டு. மும்பையில் கூரை நீக்கிய வண்டிகள் பல ஆண்டுகள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி நகரைக் காட்டின. வெளிநாடுகளில் உணவகம், நூலகம், கடை என்று உருமாறிய வண்டிகள் பல. எஞ்சினை எடுத்துவிட்டாலும் உறுதியாக நிற்கும் கூடு என்பதால் இது எளிது. ஆனால் ஒரு கட்டுப்பாடு விடுவதில்லை: அடுப்பும் ஃப்ரிட்ஜும் தண்ணீர்த் தொட்டியும் கீழ்த்தளத்துக்கு, மேசை நாற்காலிகள் மாடிக்கு. கனத்தைக் கீழே வை என்ற பழைய கணக்கு, வண்டி ஓடாவிட்டாலும் மாறுவதில்லை.